ஏழு நாளும் நாலு மணி நேரமும்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வானம் பார்க்கிறவர்களை ஈட்டா அக்விலே என்ற விண்மீன் ஏமாற்றிவிடும். அது பிரகாசமாகி, மங்கி, மறுபடி பிரகாசமாக எடுத்துக்கொள்ளும் காலம் 7 நாள், 4 மணி, 14 நிமிடம். ஒரு வாரத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். இந்த ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எந்த வெளிச்சத்தில் இருந்ததோ, அடுத்த ஞாயிறும் எட்டு மணிக்கு ஏறத்தாழ அதே வெளிச்சத்தில்தான் இருக்கும். ஒரு மாதம் தவறாமல் பார்த்தாலும் ‘இதில் என்ன மாறுகிறது?’ என்றுதான் தோன்றும். விடாமல் பார்த்தால் மெல்ல நகர்வது தெரியும், ஆனால் பின்பக்கமாக. வேகமாக ஏறி நிதானமாக இறங்குகிற விண்மீன், ஞாயிற்றுக்கிழமைக்காரருக்கு நிதானமாக ஏறி வேகமாக இறங்கும். ஒரு சுற்று முடிய ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். அவர் எழுதிவைத்த எண் ஒவ்வொன்றும் சரி. கணக்கு மட்டும் தலைகீழ்.

மாறொளி விண்மீன் பார்க்க ஆசைப்பட்டு யாராவது வந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கண் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எந்த நாளில் பார்க்கிறோம், பார்ப்பதற்கு முன் மனதில் என்ன வைத்திருக்கிறோம் என்பதும் அளவில் கலந்துவிடும். தொலைபேசித் துறையில் மெக்கானிக்காக இருந்தேன். ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச் இருந்த காலம். ஷிப்டு மாறிமாறி வரும். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. இந்த விண்மீனைப் பொறுத்தவரை அது வசதியாகப் போயிற்று.

1986-இல் ஹாலி வால்மீன் வந்தபோது ஊர் ஊராக வானம் காட்டினார்கள். அப்படி வந்த ஒரு பூகோள வாத்தியார்தான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர். வால்மீன் போய்விட்டது. கூட்டம் கலைந்துவிட்டது. அவர் மட்டும் என்னிடம் கேட்டார்: “வாலு போயிருச்சு, சரி. தினமும் ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பாத்து ஒரே ஒரு நம்பர் எழுதுவியா?” எழுதுகிறேன் சார் என்றேன். சம்பளம் இல்லாத வேலை அன்று ஆரம்பித்தது.

முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஈட்டா எங்கள் தலைக்கு நேர்மேலே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து கடந்துபோகும். ஆடியில் நள்ளிரவுக்கு உச்சியில் இருக்கும். புரட்டாசி பிறந்ததும் இரவு எட்டு மணிக்கே அங்கே வந்துவிடும். கண்டுபிடிக்கச் சுலபம். திருவோணம் தெரியுமல்லவா? நிகண்டுகளில் முக்கோல் என்று பெயர்பெற்ற மூன்று மீன்கள். நடுவில் இருப்பது பளிச்சென்ற வெள்ளை, ஆங்கில அட்டவணைகளில் ஆல்டேர். அதற்கு வடக்கே செம்மஞ்சளாக ஒன்று, தெற்கே மங்கலாக ஒன்று. நடுமீனிலிருந்து தென்மீனுக்கு எவ்வளவு தூரமோ, அங்கிருந்து தெற்கே அதைப்போல் இரண்டு மடங்கு இறங்கினால் ஈட்டா. கையை நீட்டிப் பிடித்தால் தென்மீனுக்கும் ஈட்டாவுக்கும் நடுவே மூன்று விரல் அடங்கும்.

அந்த மங்கலான தென்மீனை நாங்கள் பீட்டா என்போம். அதுதான் எங்கள் படிக்கல். அதன் பொலிவெண் 3.7. எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ஈட்டாவுக்கு மேற்கே டெல்டா, 3.4, அதற்குக் கீழே அயோட்டா, 4.4. கிழக்கே தீட்டா, 3.2. ஈட்டா 3.5-க்கும் 4.4-க்கும் நடுவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போது டெல்டாவை எட்டிப்பிடிக்கப் பார்க்கும். அடியில் இருக்கும்போது அயோட்டாவோடு கலந்துவிடும். வெளிச்சக் கணக்கில் இது இரண்டு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். அப்படியும் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது மாறுவது தெரியாது. அண்ணாந்து பார்க்கிறவர்களும் ஆல்டேரைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எண் எப்படி வருகிறது? பீட்டாவைப் பார்க்க வேண்டும், ஈட்டாவைப் பார்க்க வேண்டும், அயோட்டாவைப் பார்க்க வேண்டும். பீட்டாவிலிருந்து அயோட்டா வரைக்கும் பத்துப் படி என்று வைத்துக்கொண்டால் ஈட்டா எத்தனையாவது படியில் நிற்கிறது? மூன்றாவது படி என்று பட்டால் 3.9. அவ்வளவுதான். எதையும் முறைத்துப் பார்க்கக் கூடாது. கண் ஓரிடத்தில் இரண்டு வினாடிக்கு மேல் நின்றால் அந்த விண்மீன் வீங்க ஆரம்பித்துவிடும். தராசுத் தட்டைத் தொட்டும் தொடாமலும் விடுவார்களே, அப்படி ஒரு பார்வை போதும். விண்மீன்களை இப்படி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படி போட்டு எழுதும் வழக்கத்தை 1840-களில் பரப்பியவர் பான் நகரத்து ஆர்கெலாண்டர். பெரிய கருவி இல்லாத சாதாரண ஆட்களும் வந்து இதைச் செய்யுங்கள் என்று 1844-இல் வேண்டுகோள் விடுத்தவரும் அவர்தான்.

படுக்கிற விதம் முக்கியம். ஒப்பிடுகிற இரண்டு மீன்களும் இரண்டு கண்களைச் சேர்க்கும் கோட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒன்று நெற்றிப் பக்கமும் மற்றது தாடைப் பக்கமுமாக இருந்தால் கண் ஒரு பக்கம் சாயும். பீட்டாவும் ஈட்டாவும் வடக்கு தெற்காக நிற்பவை. அவற்றுக்கு நார்க்கட்டிலைக் கிழக்கு மேற்காகப் போட வேண்டும். டெல்டா, அயோட்டா, தீட்டாவோடு ஒப்பிட வேண்டுமானால் கட்டிலைத் திருப்பி வடக்கே தலை வைக்க வேண்டும். இது வீட்டில் தீராத வழக்கு. “வடக்க தல வச்சுப் படுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? வேற தெச இல்லையா உங்க நட்சத்திரத்துக்கு?” என்று கீழேயிருந்து மனைவியின் குரல் வரும். பத்து நிமிஷம்தான் என்பேன். கண் இருட்டுக்குப் பழகவே அரை மணி ஆகும் என்பது அவளுக்கும் தெரியும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். காற்று நின்ற இரவுகளில் அந்தப் புகை அடிவானத்திலிருந்து ஒரு முழம் உயரத்துக்குப் படிந்து கிடக்கும். உச்சியில் இருக்கும்போது பிரச்சினை இல்லை. கார்த்திகையில் ஈட்டா மேற்கே சாயும்போது பீட்டா கொஞ்சம் மேலே, அயோட்டா கொஞ்சம் கீழே என்று ஆகிவிடும். கீழே இருப்பதைப் புகை கூடுதலாகத் தின்னும். அப்போது அதே உயரத்தில் இருக்கிற மீனோடு மட்டும் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு எழுதாமல் விட வேண்டும். எழுதாமல் விடுவதற்குப் பழகப் பலருக்கு நாளாகிறது. தெருவிளக்கைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை திசைமாறிவிடும். சோடியம் விளக்கை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. மாட்டிய பிறகு மொட்டைமாடியின் கிழக்குச் சுவரில் ஒரு தார்ப்பாய் கட்டியிருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நேரம் எழுதுவதில் நமக்கு ஒரு கொடுப்பினை. இந்தத் துறையில் தேதி எழுத ஜூலியன் நாள் என்று ஒரு தொடர் எண் உண்டு. அது கிரீன்விச்சில் நண்பகலுக்கு மாறும். நம் கடிகாரத்தில் அது மாலை ஐந்தரை. அதாவது நம் இரவு முழுவதும், மாலை ஐந்தரையிலிருந்து விடியற்காலை ஐந்தரை வரை, ஒரே நாள் எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. இரவு எட்டரை மணி என்றால் .125, பதினொன்றரை என்றால் .25. ஜப்பானில் பார்க்கிறவர்களுக்கு இரவு வேளையிலேயே இந்த எண் மாறிக் குழப்பும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்துக்கு இந்த நாள் எண்ணையும் பொலிவெண்ணையும் எந்தெந்த மீனோடு ஒப்பிட்டோம் என்பதையும் அனுப்ப வேண்டும். முன்பு தபால், இப்போது இணையம்.

இந்தச் சங்கத்துக்கு நம் பக்கத்திலிருந்து எழுதியவர்களில் எனக்குப் பெரியவர் வங்காளத்து ஜெசோரில் இருந்த ராதாகோபிந்த சந்திரா. கருவூலத்தில் ஊழியர். பகலில் அரசாங்கப் பணம், இரவில் விண்மீன். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கணிப்புகள் அனுப்பினார். சங்கம் அவருக்கு ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கப்பலில் அனுப்பி வைத்தது. அது பிற்பாடு வைணு பாப்புவின் கைக்கு மாறி, ஜவ்வாது மலையில் காவலூருக்கு வந்துசேர்ந்தது.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு, சின்னப் பங்கு அல்ல. நாம் எழுதுகிற 3.7, 4.4 என்ற எண்களுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோல் நார்மன் போக்சன் 1856-இல் முன்மொழிந்தது. ஐந்து எண் வித்தியாசம் என்றால் வெளிச்சத்தில் நூறு மடங்கு. ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு. அவர் 1861-இல் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்துக்கு வந்து, 1891-இல் அங்கேயே காலமானார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் தெற்கு வானத்தில் ஆர் ரெடிகுலி என்ற விண்மீன் மாறுவதைக் கண்டுபிடித்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது மக்களுக்காகச் சிறு நூலும் எழுதினார். நுங்கம்பாக்கம் வானிலை மையத்தில் இன்றும் அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண் நிற்கிறது. மழை வருமா என்று தினமும் அந்த அலுவலகத்தைக் கேட்கிறோம். தூணைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு.

ஈட்டா மாறுவதைக் கண்டுபிடித்த கதை இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் நடந்தது. எட்வர்ட் பிகட், ஜான் குட்ரிக் என்று இரண்டு நண்பர்கள். குட்ரிக்குக் காது கேட்காது. அல்கால் விண்மீனின் மாற்றத்தைக் கணக்கிட்டுச் சொன்னதற்காக 1783-இல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வாங்கியபோது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. 1784 செப்டம்பர் 10 அன்று இரவு பிகட் ஈட்டா அக்விலே மாறுவதைக் கண்டார். அதே ஊரில், அதே இரவில் குட்ரிக் பீட்டா லைரே மாறுவதைக் கண்டார். அடுத்த மாதம் குட்ரிக் டெல்டா செஃபையையும் பிடித்தார். ஈட்டா போலத் துடிக்கும் விண்மீன்களுக்கெல்லாம் செஃபீட் என்ற பெயர் நிலைத்தது அந்த மூன்றாவது விண்மீனால். முதலில் கண்டது ஈட்டா. பேர் வாங்கியது டெல்டா. பிகட் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறேன், யாரும் காதில் போட்டுக்கொள்வதாக இல்லை. குட்ரிக் 1786-இல் 21 வயதில் இறந்துபோனார்.

உள்ளே நடப்பது என்ன? ஈட்டா சுமார் 900 ஒளியாண்டு தொலைவில் உள்ள மஞ்சள் நிறப் பெருவிண்மீன். சூரியனைப்போல் அறுபது மடங்கு அளவில் அகலம். அதன் மேல்பகுதியில் ஹீலியம் ஒரு படலமாக இருக்கிறது. விண்மீன் சுருங்கும்போது அந்தப் படலம் சூடாகி, ஹீலியம் தன் இரண்டாவது எலெக்ட்ரானையும் இழக்கிறது. அந்த நிலையில் அது வெளிச்சத்தை எளிதில் விடாது. உள்ளே வெப்பம் தேங்கும், அழுத்தம் கூடும், மேலடுக்கு வெளியே தள்ளப்படும். விரிந்து குளிர்ந்ததும் ஹீலியம் எலெக்ட்ரானைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், வழி திறக்கும், வெப்பம் வெளியேறும், மேலடுக்கு மறுபடி உள்ளே விழும். புதியவர்கள் எல்லோரும் தடுக்குவது ஓரிடத்தில்: பெரிதாக இருக்கும்போது பிரகாசமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. மேற்பரப்பு வேகமாக வெளியே வந்துகொண்டிருக்கும்போது, சூடாக இருக்கும்போதுதான் உச்ச வெளிச்சம். மிகப் பெரிதாக ஆகும் வேளையில் அது மங்கத் தொடங்கி நாளாகியிருக்கும்.

ஹென்ரியட்டா லீவிட் 1912-இல் சிறிய மெகல்லன் மேகத்தில் இருந்த 25 செஃபீட்களை வைத்து, துடிக்கும் காலம் நீள நீள உண்மையான வெளிச்சமும் கூடுகிறது என்று காட்டியதும், 1923-இல் ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைப் பிடித்து ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் தொகுதி என்று சொன்னதும் பாடப்புத்தகங்களிலேயே இருக்கின்றன. என் வேலை அதற்குக் கீழே, எண் எழுதுகிற இடத்தில்.

அந்த எண்ணுக்கு எதிரி எதிர்பார்ப்பு. சுற்று ஏறத்தாழ ஒரு வாரம் என்பதால் ஈட்டாவுக்குக் கிழமை ஒட்டிக்கொள்ளும். ஒரு மாதம் வெள்ளிக்கிழமை உச்சம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமை மாடிப்படி ஏறும்போதே கண் 3.5-ஐ எழுதிவிடும், மேலே போய்ப் பார்ப்பதற்கு முன்பே. வாத்தியார் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். எழுதிய பக்கங்களை மடித்து ரப்பர் பேண்டு போட்டுவிட வேண்டும். நேற்று என்ன எழுதினோம் என்று பார்க்கவே கூடாது. அடுத்த உச்சம் எப்போது என்று முன்கூட்டிக் கணக்குப் போடவும் கூடாது. பருவம் முடிந்து, தை மாதம் விண்மீன் சூரியனுக்குப் பின்னால் போன பிறகுதான் ரப்பர் பேண்டைக் கழற்ற வேண்டும். “நீ சாட்சி. சாட்சி எஃப்.ஐ.ஆர். படிக்கப்படாது,” என்பார். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். காலண்டர் மாடிக்கு வராது. செல்போனும் வராது, வெளிச்சத்துக்காக மட்டும் அல்ல.

கண்ணே ஒரு கருவி என்றால் அந்தக் கருவிக்கும் வயதாகும். எனக்குக் கண்புரை வந்தது. மதுரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, “ஐயா, ரெண்டு கண்ணையும் ஒரு மாச இடைவெளியில முடிச்சிரலாம்,” என்றார்.

“இல்லம்மா, வலது கண்ணுக்கு மட்டும் இப்ப பண்ணுங்க. இடது கண்ணுக்கு அடுத்த வருஷம்.”

“ஏன் ஐயா, பயமா இருக்கா?”

“பயம் இல்லம்மா. வித்தியாசம் பாக்கணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். மஞ்சள் லென்ஸ் நீல வெளிச்சத்தைத் தடுக்கும். என் படிக்கற்களில் பீட்டா மஞ்சள் மீன், ஈட்டாவும் அதே சாயல். அயோட்டாவும் தீட்டாவும் நீலம் கலந்த வெள்ளை. புதுக் கண்ணுக்கு நீல மீன்கள் திடீரென்று ஏறித் தெரிய வேண்டும், மஞ்சள் மீன்களுக்கு அந்த வித்தியாசம் குறைவாக இருக்க வேண்டும். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் சம்மதித்தார்.

கட்டு அவிழ்த்த வாரம் ட்யூப்லைட்டே நீலமாகத் தெரிந்தது. அந்தப் புரட்டாசி முழுவதும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் என்று இரண்டு கணிப்பு எழுதினேன், வலதுக்கு ஒரு நோட்டு, இடதுக்கு ஒரு நோட்டு. தையில் இரண்டையும் பிரித்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். பீட்டாவோடு மட்டும் ஒப்பிட்ட இரவுகளில் இரண்டு கண்ணும் ஒத்துப்போயின. அயோட்டாவோடு ஒப்பிட்ட இரவுகளில் புதுக் கண் ஈட்டாவைப் பத்தில் ஒரு எண் அளவுக்கு மங்கலாகச் சொன்னது. அயோட்டா வெளிச்சமாகிவிட்டதல்லவா, அதனால். அன்றிலிருந்து முடிந்தவரை நிறம் ஒத்த மீனோடு ஒப்பிடுகிறேன். அடுத்த வருஷம் இடது கண்ணும் முடிந்தது.

இப்போது பக்கத்து வீட்டுப் பேரன் கேமராவோடு வருகிறான். எஞ்சினியரிங் படித்தவன். டி.எஸ்.எல்.ஆரை முக்காலியில் வைத்து, குவியத்தைக் கொஞ்சம் கலைத்து, சில வினாடி வெளிச்சம் வாங்கி, பச்சை நிறத் தரவை மட்டும் பிரித்து எண் எடுக்கிறான். என் கணிப்பு பத்தில் ஒன்று, ஒன்றரை அளவுக்கு அலையும். அவனுடையது நூற்றில் சில எண்ணுக்குள் நிற்கும். நல்ல வேலை. பொறாமையில்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய தானியங்கித் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் படம்பிடிக்கின்றன, ஆனால் ஈட்டா மாதிரி வெளிச்சமான மீன் அவற்றில் நிரம்பி வழிந்துவிடும். ஆகவே கேமராக்காரருக்கும் கண்ணால் பார்க்கிறவருக்கும் இதில் இன்னும் இடம் இருக்கிறது.

எங்களுக்குள் சண்டை வேறு விஷயத்தில். ஈட்டா உச்சத்திலிருந்து இறங்கும்போது ஒரே சரிவாக இறங்காது. நடுவில் ஒரு திமில் உண்டு. துடிக்கும் காலத்துக்குத் தக்கபடி இந்தத் திமில் இடம் மாறும் என்று 1926-இல் எழுதியவர் ஹெர்ட்ஸ்ப்ரங். ஏழு நாள் விண்மீனுக்கு அது இறங்குமுகத்தில் வரும். பத்து நாள் விண்மீனுக்கு உச்சியிலேயே ஏறிக்கொள்ளும். பையனின் வரைபடத்தில் திமில் தெளிவாகத் தெரிகிறது. அவன் கேட்டான்: “தாத்தா, ஒங்க கண்ணுக்கு இது தெரியாது. படிச்சதுனால தெரியிற மாதிரி இருக்குதோ?”

கேள்வி சரியானது. எனக்கே வாத்தியார் சொல்லிக்கொடுத்த கேள்வி. பரணிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன், ஹெர்ட்ஸ்ப்ரங் பெயரையே நான் கேள்விப்படாத காலத்தில் எழுதியவை. ஷிப்டு முடிந்து வந்து எந்தக் கிழமை என்று தெரியாமல் எழுதிய எண்கள். எலி கடித்த ஓரங்களைப் பார்த்துப் பார்த்து அவன் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினான். 7 நாள் 4 மணிக் கணக்கில் மடித்து, எல்லாச் சுற்றுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான். புள்ளிகள் ஈசல் மாதிரிச் சிதறிக் கிடந்தன. சராசரி எடுத்துக் கோடு போட்டான். உச்சம் தாண்டியதும் கோடு இறங்குகிறது, பிறகு கொஞ்ச தூரம் இறங்காமல் தட்டையாக ஓடுகிறது, பிறகு மறுபடி இறங்குகிறது.

“இது திமில் இல்ல தாத்தா. தட்டையாத்தான் இருக்கு.”

“ஒன் படத்துல ஏறி இறங்குது. என் நோட்டுல எறங்காம நிக்கிது. ரெண்டும் ஒரே எடத்துலதான?”

“எடம் ஒண்ணுதான். ஆனா ஒங்க புள்ளி சிதறல் ஜாஸ்தி. இதுவே தற்செயலா வந்திருக்கலாம்.”

தற்செயலா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு என்று சொல்லி, நோட்டுகளை ஒற்றை வருஷம், இரட்டை வருஷம் என்று இரண்டாகப் பிரித்துத் தனித்தனியாக மடிக்கப் போகிறான். இரண்டிலும் அதே இடத்தில் நின்றால் ஒத்துக்கொள்வானாம். ஒற்றை வருஷங்கள் முடிந்துவிட்டன. முடிவை என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான், இந்தப் பருவத்து நோட்டுக்கு நான் இன்னும் ரப்பர் பேண்டு கழற்றவில்லை என்று காரணம் சொல்கிறான்.